20 மி.மீ. ஜல்லியில் 12 கலந்து வருகிறது: வைப்ரேட்டிங் ஸ்கிரீன் உண்மையில் எப்படிப் பிரிக்கிறது?

கரூர்_ஷிப்ட்

வணக்கம். கரூர் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன், மெக்கானிக்கல் டிப்ளமோ. முதலில் ஜா கிரஷர், அடுத்து கோன் கிரஷர், கோனிலிருந்து வரும் கல் முழுவதும் மூன்று டெக் (சல்லடைத் தட்டு) ஸ்கிரீனுக்குப் போகிறது. ஸ்கிரீன் ஐந்தடி அகலம், பதினாறடி நீளம், சரிவு 20 டிகிரி. மேல் டெக்கில் 22 மி.மீ. மெஷ் (கம்பி வலை), நடுவில் 14, கீழே 6. நடு டெக் மேல் நிற்பது 20 ஜல்லி, கீழ் டெக் மேல் நிற்பது 12. பெயர்ப்பலகையில் 900 ஆர்.பி.எம்., ஸ்ட்ரோக் (ஒரு ஆட்டத்தின் முழு அளவு) 8 மி.மீ. என்று இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் கொஞ்ச நாளாக 20 ஜல்லிக் குவியலில் சின்னக் கல் நிறைய கலந்து வருகிறது. ரெடிமிக்ஸ் கான்கிரீட்காரர்கள் லோடைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி, புல்லியை மாற்றி 1000 ஆர்.பி.எம். ஓட்டு, வேகமாக ஆடினால் நன்றாகச் சலிக்கும் என்கிறார். மெஷ் கொண்டுவருகிறவர் நடு டெக்குக்கு 14-க்குப் பதிலாக 16 போடச் சொல்கிறார். ஃபிட்டர், மெஷின் பழசு, வேறு வழியில்லை என்கிறார். மூன்று பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள், ஆனால் டெக் மேலே கல்லுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அது புரிந்தால் நானே முடிவெடுத்துக்கொள்வேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மழை பெய்தால் எம்-சாண்ட் (நொறுக்கிய மணல்) ஸ்கிரீன் மொத்தமாக அடைத்துக்கொள்கிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய_மெயின்டனன்ஸ்

தம்பி, நல்ல கேள்வி. புல்லியில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டது இன்னும் நல்லது.

ஸ்கிரீன் இரண்டு வேலை செய்கிறது. பலருக்கு இரண்டாவது வேலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், அதாவது சின்னக் கல் மெஷ்ஷின் கண் (ஓட்டை) வழியாக விழுவது. முதல் வேலை அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்: ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வருகிற கல் குலுங்கும்போது இடைவெளி திறக்கிறது, அந்த இடைவெளியில் சின்னது கீழே இறங்குகிறது, பெரியது மேலே ஏறுகிறது. சின்னக் கல் மெஷ்ஷைத் தொட்டால்தானே விழும்? மேலே பெரிய கல்லோடு சவாரி செய்துகொண்டே கடைசி வரை போய்விட்டால் கண் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. வீட்டில் மாவு சலிக்கும்போது சல்லடையில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் கீழே இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சட்டென்று இறங்கும், அதே கதைதான்.

இரண்டாவது வேலை வாய்ப்புக் கணக்கு. ஒவ்வொரு துள்ளலிலும் கல் மேலே போய் மறுபடி மெஷ் மேல் விழுகிறது. கண்ணுக்குள் சரியாக விழுந்தால் கீழே போகும், கம்பியில் பட்டால் துள்ளி அடுத்த இடத்தில் விழும். கண் அளவிலிருந்து கல் அளவைக் கழித்து, அதைக் கண்ணும் கம்பியும் சேர்ந்த அளவால் வகுத்து, வருவதை வர்க்கம் எடுத்தால் ஒரு துள்ளலில் விழும் வாய்ப்பு தோராயமாகக் கிடைக்கும். உன் நடு டெக்கில் 14 மி.மீ. கண், கம்பி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7 மி.மீ. கல்லுக்கு ஏழு துள்ளலில் ஒரு முறை வாய்ப்பு. 10 மி.மீ. கல்லுக்கு இருபதில் ஒன்று. 12 மி.மீ. கல்லுக்கு 81-ல் ஒன்று. 13 மி.மீ. கல்லுக்கு 324-ல் ஒன்று! கண் அளவை நெருங்க நெருங்க வாய்ப்பு அப்படியே சரிந்துபோகிறது.

900 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 15 துள்ளல். 20 டிகிரி சரிவில் கல் நொடிக்கு அரை மீட்டர் போல நகரும், பதினாறடி தாண்ட ஏறக்குறைய 10 நொடி, அதாவது 150 துள்ளல்தான் ஒரு கல்லுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 150 துள்ளலும் மெஷ்ஷைத் தொட்டபடி கிடைத்தால் 12 மி.மீ. கல்லில் 84 சதவீதம் விழுந்துவிடும். ஆனால் டெக்கின் முதல் பாதி வெறுமனே கல் அடுக்குப் பிரிவதிலேயே போய்விட்டது என்று வை, மிச்சம் 75 துள்ளல், அப்போது 61 சதவீதம்தான் விழும், மற்றது 20 ஜல்லியோடு போய்ச் சேரும். அதனால்தான் மெஷ் மேல் கல் எவ்வளவு கனமாகப் படர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இறங்குமுனையில், அதாவது கல் டெக்கை விட்டு விழும் இடத்தில், அந்தக் கனம் கண் அளவைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது ஜல்லிக்குப் பொதுவான விதி. உன் 14 மெஷ்ஷுக்கு 56 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டே கால் அங்குலம்.

கணக்கையும் போட்டுக்காட்டுகிறேன். இறங்குமுனையில் மணிக்கு 150 டன் போகிறது என்று வை. ஐந்தடி அகலம் முழுவதும் சீராகப் பரவினால் 35 மி.மீ. கனம்தான், பிரச்சினையே இல்லை. அதே 150 டன் டெக்கின் ஒரு பாதியில் மட்டும் விழுந்து ஓடினால் 70 மி.மீ. ஆகிவிடும், விதியைத் தாண்டிவிட்டது. டன் அதேதான், மெஷின் அதேதான், மெஷ்ஷும் அதேதான். நான் பார்த்த வரையில் "ஸ்கிரீன் சரியாகச் சலிக்கவில்லை" என்று கூப்பிடும் இடங்களில் பாதிக்கு மேல் ஃபீட் சூட்டில்தான், அதாவது கல்லை ஸ்கிரீனில் இறக்கும் சரிவில்தான், கோளாறு இருக்கும்: கன்வேயர் தலைப்பகுதியிலிருந்து கல் ஒரு பக்கமாகச் சரிந்து விழும், யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். மேடையில் நின்று பார், கல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

---

லேப்_சல்லடை

ரெடிமிக்ஸ் லேபில் வேலை செய்கிறேன், லோடைத் திருப்பி அனுப்புகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பில், ஒரே அளவு 20 மி.மீ. ஜல்லி என்றால் 20 மி.மீ. சல்லடையில் 85 முதல் 100 சதவீதம் இறங்க வேண்டும், 10 மி.மீ. சல்லடையில் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது, 4.75-ல் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. நாங்கள் 20-ஐயும் 12-ஐயும் தனித்தனியாக எடை போட்டுக் கலக்கிறோம். உங்கள் 20-க்குள்ளேயே சின்னது ஒரு லோடில் அதிகம், அடுத்த லோடில் குறைவு என்று வந்தால் கான்கிரீட்டின் தண்ணீர்த் தேவை மாறும், ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) மாறும், பம்ப்பில் போய் அடைக்கும். அதனால்தான் அவ்வளவு கறாராக இருக்கிறோம், கிரஷர்காரர்களை வதைக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

மேலே ஐயா போட்ட கணக்கிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் எடுக்கலாம். "12 கலந்து வருகிறது" என்று சொல்கிறீர்களே, அது 12-13 மி.மீ. கல்லா, இல்லை 10-க்குக் கீழே உள்ள கல்லா? இரண்டும் வேறு வேறு நோய். 12, 13 என்றால் கண் அளவுக்கு நெருங்கிய கல், எந்த ஸ்கிரீனிலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், அதற்கு நீளமோ கண் அளவோ மாற்ற வேண்டும். ஆனால் 10 மி.மீ. கல்லுக்கு இருபது துள்ளலில் ஒரு வாய்ப்பு, 75 துள்ளல் கிடைத்தாலே 2 சதவீதம்தான் மிஞ்ச வேண்டும். அது உங்கள் 20 குவியலில் நிறைய இருக்கிறது என்றால் அந்தக் கல் மெஷ்ஷைத் தொடவே இல்லை, அல்லது அது தொட்ட இடத்தில் கண் அடைத்திருந்தது. கண்ணைப் பெரிதாக்கினால் அந்த நோய் தீராது.

16 மெஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரி சரிவில் 14 மெஷ் மேலிருந்து பார்த்தால் 13.2 மி.மீ.தான் திறந்திருக்கும், 16 மெஷ் 15 மி.மீ. 12 ஜல்லிக்கு 12.5 சல்லடையில் 85 சதவீதமாவது இறங்க வேண்டும் என்று அதே ஐ.எஸ். சொல்கிறது. 16 போட்டால் 13, 14, 15 எல்லாம் 12 குவியலுக்குப் போகும், அப்புறம் 12 லோடைத் திருப்பி அனுப்புவோம்.

மாதிரி எடுக்கும்போது குவியலிலிருந்து அள்ளாதீர்கள். குவியலில் பெரிய கல் ஓரத்துக்கு உருண்டு வரும், சின்னது நடுவில் நிற்கும், எங்கே அள்ளினீர்களோ அதுதான் விடை ஆகிவிடும். 20 ஜல்லி கன்வேயரை நிறுத்தி, யாரும் ஓட்டிவிடாதபடி லாக் போட்டு, பெல்ட்டின் முழு அகலத்துக்கும் ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள கல்லை, அடியில் ஒட்டிய தூள் வரை துடைத்து எடுங்கள். ஸ்கிரீனுக்கு வரும் ஃபீட் பெல்ட்டிலும் அதேபோல் ஒன்று. உதாரணத்துக்கு நடு டெக்குக்கு வரும் கல்லில் 40 சதவீதம் 14-க்குக் கீழே, 20 ஜல்லி பெல்ட்டில் 10 சதவீதம் 14-க்குக் கீழே மிஞ்சியிருக்கிறது என்றால், விழ வேண்டியதில் 83 சதவீதம்தான் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் 5 சதவீதமாக இறங்கினால் அது 92 ஆகிவிடும். நல்ல ஸ்கிரீன் 90-க்கு மேல் நிற்க வேண்டும்.

---

கரூர்_ஷிப்ட்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஏறிப் பார்த்தேன். கல் மோட்டார் பக்கமாகத்தான் ஓடுகிறது, எதிர்ப்பக்கம் மெஷ் பளபளவென்று தேயாமல் புதுசு போலவே இருக்கிறது! பெல்ட்டை நிறுத்தி மாதிரி எடுத்து எங்களிடம் உள்ள சல்லடையில் போட்டதில் கலப்பில் பெரும்பகுதி 10-க்குக் கீழே. அப்படியானால் லேப்காரர் சொன்ன இரண்டாவது நோய்தான்.

ஆனாலும் முதலாளி புல்லி விஷயத்தை விடவில்லை. சூட்டைச் சரிசெய்துவிட்டு வேகத்தையும் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கிறார். என்ன சொல்வது?

---

பேரிங்_பக்கம்

கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், எண்ணோடு சொல்லுங்கள்.

ஸ்ட்ரோக்கில் பாதி உங்களுக்கு 4 மி.மீ. 900 ஆர்.பி.எம்.மில் அது புவியீர்ப்பைப் போல 3.6 மடங்கு முடுக்கம். சரிவான ஸ்கிரீனுக்கு இது நல்ல இடம்தான். 1000 ஆக்கினால் 4.5 மடங்கு. வேகம் 11 சதவீதம்தான் கூடியது, விசை 23 சதவீதம் கூடிவிட்டது, ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். உருளை பேரிங்கின் ஆயுளோ சுமை ஏறும்போது அதைவிட வேகமாக இறங்கும். இந்தக் கணக்குப்படி உங்கள் பேரிங் மணிக்கணக்கில் பாதிக்கும் கீழான ஆயுள்தான் ஓடும். பக்கத் தகடும் குறுக்குக் குழாயும் அதே 23 சதவீதத்தை வாங்கும், அங்கே வெடிப்பு விட்டால் செலவு பேரிங்கோடு நிற்காது.

பலர் நினைப்பதற்கு மாறாக, வேகத்தைக் கூட்டினால் ஸ்ட்ரோக் அதிகமாகாது. ஸ்பிரிங் மேல் மிதக்கும் மெஷினில் ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது அன்பேலன்ஸ் வெயிட்டுக்கும் (சுழன்று ஆட்டத்தைத் தரும் ஒருபக்க எடை) ஆடும் உடம்பின் எடைக்கும் உள்ள விகிதம்தான். ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் ஃப்ளைவீலில் வெயிட் சேர்க்க வேண்டும். பெரிய கல்லுக்கு நீளமான ஸ்ட்ரோக்கும் குறைந்த வேகமும், மணலுக்குக் குட்டை ஸ்ட்ரோக்கும் அதிக வேகமும் என்பதுதான் வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கூட்டுவதை மெஷின் செய்தவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

முதலில் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் 8 மி.மீ. இன்றைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத் தகட்டில் நான்கு மூலைக்கும் ஒரு வெள்ளைத் தாளைக் காந்தத்தால் ஒட்டிவிட்டு, ஓடும்போது வெளி ஃபிரேமில் கையை ஊன்றிக்கொண்டு பென்சில் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள், காவல் தடுப்புக்கு வெளியே நின்று எட்டும் இடத்தில் மட்டும். வட்டமோ நீள்வட்டமோ விழும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் சப்பையாகவோ எட்டு போட்டது போலவோ விழுந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் களைத்துவிட்டது, அல்லது உள்ளே சேறு கட்டியிருக்கிறது. கல் ஒரு பக்கமாக ஓடுவதற்கே சில நேரம் இது காரணமாக இருக்கும், எல்லாப் பழியையும் சூட்டின் மேல் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த மூலையில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் சுமை அதன் மேலேயே ஏறும்.

மெஷினை நிறுத்தும்போது கடைசியில் ஒரு பெரிய ஆட்டம் ஆடி நிற்கிறதே, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேகம் இறங்கும்போது ஸ்பிரிங்கின் சொந்த அதிர்வெண்ணைக் கடக்கும் நேரம் அது. ஆனால் கல்லோடு நிறுத்தி, கல்லோடு ஸ்டார்ட் செய்வது தப்பு. ஃபீடை நிறுத்தி, டெக் காலியான பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

ஃபிட்டரிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பக்கத் தகட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த இடம் பலமிழக்கும், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். பட்டை அடிக்க வேண்டியிருந்தாலும் போல்ட்தான்.

---

பழைய_மெயின்டனன்ஸ்

பேரிங்காரர் சொன்னது அத்தனையும் சரி. ஸ்பிரிங் ஒழுங்காக இருந்தால் சூட்டுக்கு வா தம்பி. செலவில்லாத வழி, ஸ்கிரீனின் ஃபீட் பெட்டியில் குறுக்காக ஒரு தடுப்பு வைத்து, கல்லே கல்லின் மேல் விழுந்து தேங்கி அகலமாகப் பரவும்படி விடுவது. விழுந்த வேகமும் குறையும், மெஷ்ஷில் நேராக அடிக்காது. கன்வேயர் ஸ்கிரீனுக்குக் குறுக்காக வந்தால் கல் எப்போதும் தூரப் பக்கத்துக்கே பாயும், அப்போது சூட்டுக்குள் ஒரு திருப்புத் தகடு வைத்து, ஓட்டிப் பார்த்துக் கோணத்தை மாற்றி மாற்றிச் சரி செய்ய வேண்டியதுதான். ஒரே நாளில் அமையாது, பொறுமையாகச் செய்.

மெஷ் டென்ஷனையும் பார்த்துவிடு. தொய்வாக இருந்தால் மெஷ் டெக்கோடு சேர்ந்து ஆடாமல் தனியாகத் தட்டிக்கொண்டே இருக்கும், சலிப்பும் கெடும், தாங்கு பட்டை மேல் உரசிச் சீக்கிரமே அறுந்தும் போகும். புது மெஷ் போட்டால் சில மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்திப் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

---

மணல்_வாஷர்

மழை விஷயத்துக்கு யாரும் வரவில்லையே, நான் சொல்கிறேன். எங்களுடையது திருப்பூர் பக்கம், எம்-சாண்ட் மட்டும்தான்.

கல் சின்னதாக ஆக ஆக அதன் எடையைவிட மேலே ஒட்டிய தண்ணீர்ப் படலத்தின் பிடி பெரிதாகிவிடுகிறது. 20 மி.மீ. கல் நனைந்திருந்தாலும் துள்ளி விழும், அரை மி.மீ. துகள் பக்கத்துத் துகளோடும் கம்பியோடும் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தூசி ஒட்டும், கடைசியில் கண் முழுக்கப் பூசி மூடிவிடும். 5 மி.மீ.க்குக் கீழே சலிக்கும்போது கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற அளவு ஈரம் இருந்தாலே போதும், சாதாரண மெஷ் தாங்காது. கல் வந்து கண்ணில் ஆப்பு அடித்தது போல் சிக்குவது வேறு, இந்த ஈரப் பூச்சு வேறு. முன்னதைத் தட்டி எடுக்கலாம், இதைத் தட்டினால் அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி அடைக்கும்.

வழிகள் உண்டு. கொட்டகை போட்டு வி.எஸ்.ஐ. (மணலாக நொறுக்கும் கிரஷர்) ஃபீடை நனையாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும், கன்வேயருக்கு மேல்மூடியும் போடுங்கள். மெஷ்ஷுக்கு அடியில் தட்டு வைத்து ரப்பர் பந்து விடுகிற முறை லேசான ஈரத்துக்கு உதவும், பந்து துள்ளி அடியிலிருந்து மெஷ்ஷைத் தட்டிக்கொண்டே இருக்கும். அடுத்தது குறுக்குக் கம்பி இல்லாமல் நீளக் கம்பி மட்டும் உள்ள மெஷ். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக அதிர்வதால் பூச்சு நிற்காது. பாலியூரித்தேன் பேனல் ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் கம்பி மெஷ்ஷை ஒப்பிட்டால் திறந்த பரப்பு நன்றாகக் குறையும், டன் குறைவதை யோசித்துப் போடுங்கள். பணம் இருந்தால் பாய் மாதிரி மடங்கி விரியும் பாலியூரித்தேன் கொண்ட ஃபிளிப்-ஃப்ளோ ஸ்கிரீன் இருக்கிறது, அந்தப் பாய் புவியீர்ப்பைப் போல 50 மடங்கு வரை உதறும், ஈர மணலுக்கென்றே வந்தது.

நாங்கள் கடைசியில் தண்ணீர் வழிக்குப் போய்விட்டோம். ஸ்கிரீன் மேல் ஸ்பிரே பைப், கீழே கழுவும் சக்கரம். பாதி ஈரம்தான் எதிரி, முழுக்க நனைத்துவிட்டால் தண்ணீரே துகளை இழுத்துக்கொண்டு கண் வழியாகப் போய்விடும். தூசியும் கழுவிப் போகும், 150 மைக்ரானில் இறங்குவது நொறுக்கிய மணலுக்கு 20 சதவீதத்துக்குள் என்ற வரம்பும் தொந்தரவில்லாமல் அமையும். ஆனால் தண்ணீரும் வேண்டும், சேற்றைத் தேக்கித் தண்ணீரைத் திரும்ப எடுக்கத் தொட்டியும் வேண்டும். போர் தண்ணீரை நம்பி இறங்காதீர்கள், கரூர் வெயிலில் கட்டாது.

---

கரூர்_ஷிப்ட்

நான்கு மூலையிலும் தாள் ஒட்டிப் பார்த்தேன், வட்டம் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் திருப்புத் தகடு வைத்தோம். இப்போது கல் முக்கால் அகலத்துக்குப் பரவுகிறது, 20 பெல்ட்டில் சின்னக் கல் கண்ணுக்கே தெரிகிற அளவு குறைந்திருக்கிறது. தகட்டை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். பேரிங் கணக்கைக் காட்டியதும் முதலாளி புல்லியை விட்டுவிட்டார்.

மணல்காரர் சொன்ன நீளக் கம்பி மெஷ்ஷை நடு டெக்கிலும் போடலாமா? கண் அடைக்காது என்றால் அங்கேயும் நல்லதுதானே?

---

மணல்_வாஷர்

நடு டெக்கில் வேண்டாம். நீளக் கண் என்றால் சப்பைக் கல் நீளவாக்கில் நழுவி இறங்கிவிடும். கோனிலிருந்து வருவதில் சப்பை இருக்கத்தான் செய்யும். 18, 20 மி.மீ. நீளமுள்ள சில்லுகள் உங்கள் 12 ஜல்லிக்குள் போய் உட்காரும், சப்பையும் நீளமும் சேர்ந்து 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பில் 12 மாட்டிக்கொள்ளும். 14-க்குச் சதுரக் கண்ணே இருக்கட்டும். நீளக் கம்பியை மணல் ஸ்கிரீனில் மட்டும், கம்பி கல் ஓடும் திசையில் இருக்கும்படி போடுங்கள், கண் அளவை இப்போது இருப்பதைவிட ஒரு படி குறைத்து வாங்குங்கள்.